மூடாத சக்கரங்கள்

கம்பனையும் புதுமைப்பித்தனையும் பேசி முடித்துவிட்டுத் தேநீருக்கு எழும் வேளையில், பேச்சு கார்ப் பந்தயத்தின் பக்கம் திரும்பினால் நண்பர்களின் முகம் சற்றே சுருங்குவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறோம். கிரிக்கெட் பேசலாம், இலக்கிய உலகில் அதற்கு அனுமதி உண்டு. கால்பந்தைப் பேசினால் மரியாதைகூடக் கூடும். சதுரங்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்ப் பந்தயம் என்றால் மட்டும், "அது பணக்காரப் பிள்ளைகள் பெட்ரோலைக் கொளுத்தும் விளையாட்டு அல்லவா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. நாங்களும் சிரித்து மழுப்பிவிட்டுத் தேநீரைக் குடித்து முடிப்போம். இவ்வளவு காலம் கழித்தாவது அந்தக் கேள்விக்கு நேர்மையாக ஒரு விடை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியதால் இக்கட்டுரை.

நாங்கள் என்பது நால்வர். அம்பத்தூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பின்னர் ஒருவர் ஆவடிக்கும் ஒருவர் பூந்தமல்லிக்கும் குடிபெயர்ந்தோம். இருவர் அங்கேயே தங்கிவிட்டோம். எங்கள் ஊர்களின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் சாலையைப் பிடித்து வடக்கே போனால் சோழவரம். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. தென்னிந்தியக் கார்ப் பந்தயத்தின் பழைய தடம் ஒருபுறம், புதிய தடம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வாழ்க்கை நடந்திருக்கிறது.

*

சோழவரம் என்றதும் சென்னைவாசிகளுக்கு ஏரியும் குடிநீரும் நினைவுக்கு வரும். எங்களுக்கு நினைவுக்கு வருவது அங்கிருந்த பழைய விமான ஓடுதளம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து மிச்சம் அது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் கான்கிரீட் பரப்பைப் பந்தயத் தடமாக்கிக்கொண்டது. ஐம்பதுகளில் தொடங்கி எண்பதுகளின் கடைசி வரை ஆண்டுதோறும் அங்கே கூட்டம் கூடியது. மன்னர் குடும்பத்தவர்கள், ஆலை முதலாளிகள், தேயிலைத் தோட்டத்து மேலாளர்கள், படை அதிகாரிகள் காரோட்டினார்கள். வேலிக்கு இப்பால் நின்றவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

எண்பதுகளின் நடுவில், பள்ளி இறுதி வகுப்புகளில் இருந்தபோது, விடிவதற்கு முன் சைக்கிளில் கிளம்புவோம். கள்ளிக்குப்பம் தாண்டி, புழல் ஏரிக்கரைக் காற்றை வாங்கிக்கொண்டு, செங்குன்றத்து அரிசி ஆலைகளைக் கடந்து போகும்போதே தூரத்தில் எஞ்சின்களைச் சூடேற்றும் ஓசை கேட்கத் தொடங்கும். மிதிப்பதை நிறுத்திவிட்டு ஒரு கணம் கேட்போம். பிறகு மிதி வேகம் தானாகவே கூடிவிடும்.

அங்கே பல வகைப் பந்தயங்கள் நடக்கும். பைக்குகள் ஓடும், பியட், அம்பாசிடர் கார்கள் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும். கூட்டத்துக்கு அவையே அதிகம் பிடித்தன என்று நினைக்கிறோம். தெருவில் தினமும் பார்க்கும் கார் அப்படிச் சீறிப் பாய்வதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. எங்கள் கண் ஒற்றை இருக்கைக் கார்களின் மேல் விழுந்தது. ஒரு காலத்தில் பார்முலா 1-இல் ஓடிய என்சைன் காரை விஜய் மல்லையா இங்கே கொண்டுவந்து ஓட்டிய கதையை எல்லோரும் சொல்வார்கள். எங்களை ஈர்த்தது அந்தப் புகழ் அல்ல. அந்தக் கார்களுக்கு மறைவு என்பதே இல்லை என்பதுதான்.

சாதாரணக் காரில் சக்கரம் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும். ஒற்றை இருக்கைக் காரில் நான்கு சக்கரங்களும் உடலை விட்டு விலகி வெளியே நிற்கும். ஓட்டுநர் வளையத்தைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்புவதை நாமே பார்க்கலாம். மேடு வந்தால் சஸ்பென்ஷன் தண்டு ஏறி இறங்குவது தெரியும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்வதும், வேகமெடுக்கும்போது பின்புறம் அமர்வதும் தெரியும். பாடியில் வீல்ஸ் இந்தியாவில் சக்கரம், பிரேக்ஸ் இந்தியாவில் பிரேக், லூகாஸ் டிவிஎஸ்ஸில் மின் கருவிகள், அம்பத்தூர் டன்லப்பில் டயர் என்று, காரின் உறுப்புகளைத் தனித்தனியாகச் செய்யும் மனிதர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். எங்கள் தந்தைமார் வாழ்நாள் முழுவதும் செய்த உறுப்புகள் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதை நாங்கள் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது சோழவரத்தில்தான். நால்வரில் ஒருவனின் தந்தை ஒருமுறை எங்களோடு வந்தார். ஒரு கார் வளைவில் திரும்புவதைப் பார்த்துவிட்டு, "இதையா நாங்க செய்யறோம்!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

*

சக்கரங்கள் மூடப்படாததால் அழகு மட்டும் கூடுவதில்லை, ஆபத்தும் கூடுகிறது. முன்னே உருளும் சக்கரத்தின் பின்பக்கம் எப்போதும் மேல்நோக்கிச் சுழன்றுகொண்டிருக்கும். பின்னால் வரும் காரின் முன் சக்கரம் அதைத் தொட்டுவிட்டால், அது பற்றி ஏற்றிக்கொண்டு போவதுபோல் பின் காரை மேலே தூக்கி எறிந்துவிடும். மூடிய கார்களில் பக்கவாட்டில் ஒரு உரசல், கொஞ்சம் பெயின்ட் போகும், அவ்வளவுதான். இங்கே ஒரு விரற்கடை தவறினால் உயிர் போகலாம்.

இதன் விளைவு விசித்திரமானது. இரண்டு கார்கள் சக்கரத்தோடு சக்கரம் சேர்ந்து ஒரு வளைவுக்குள் நுழையும்போது, ஒவ்வொரு ஓட்டுநரும் தன் உயிரை மற்றவரின் நிதானத்திடம் ஒப்படைக்கிறார். வெல்ல வேண்டியவனும் நம்ப வேண்டியவனும் ஒரே ஆள். பகைவனுக்கு இடம் விட்டுப் பந்தயம் ஓடுவது என்பது பெரிய நாகரிகம் என்றே நாங்கள் கருதுகிறோம். அந்த நாகரிகத்தை மீறியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் உலகப் பட்டமும் வென்றிருக்கிறார்கள். மீறல் உடனே கண்ணை உறுத்துகிறது என்பதே அங்கே ஓர் அறம் இருப்பதற்குச் சான்று.

இலக்கிய நண்பர்களுக்கு இதை அவர்கள் மொழியிலேயே சொல்லலாம். வேகம் தமிழுக்கு அந்நியமான அனுபவம் அன்று. வினை முடித்து மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் சொல்வது முல்லைத் திணையின் நிலைத்த காட்சி. அந்த அவசரத்துக்கு நடுவிலும் அகநானூற்றின் நான்காம் பாட்டில் ஒரு தலைவன், மலரில் தேன் உண்ணும் வண்டுகள் கலங்கிவிடக்கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவும் பிற உயிரின் மீதான கவனமும் ஒரே மனிதனிடம் இருக்க முடியும் என்று அந்தப் புலவர் நம்பினார். தேரோட்டியையே தெய்வமாக்கித் திருவல்லிக்கேணியில் கும்பிடும் ஊர் இது. அப்படியிருந்தும் எஞ்சின் வந்தபின் வேகத்தைப் பற்றி நம் எழுத்து ஏறத்தாழ மௌனமாகிவிட்டது. ரயிலை எழுதினோம், பேருந்தை எழுதினோம். அவற்றில் நாம் பயணிகள். இயந்திரத்தைச் செய்பவனும் செலுத்துபவனும் அந்தப் பக்கங்களில் அரிதாகவே தென்படுகிறார்கள்.

*

எங்கள் கருத்தின் மையத்துக்கு வருகிறோம். தமிழ்நாட்டின் பந்தய வரலாற்றில் மிக முக்கியமான கார் எது என்று கேட்டால், வெளிநாட்டிலிருந்து வந்த எந்தக் காரையும் நாங்கள் சொல்லமாட்டோம். கோயம்புத்தூரில் பிறந்த பார்முலா மாருதியைச் சொல்வோம்.

அதை உருவாக்கியவர் எஸ். கரிவரதன். ஜவுளி இயந்திரங்கள் செய்யும் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்தவர். தாமே பந்தய ஓட்டுநர். 1983-இன் இறுதியில் மாருதி 800 சாலைக்கு வந்தது. 1988-இல் கரிவரதன் அதன் எஞ்சினைக் கொண்டு ஓர் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்துவிட்டார். எண்ணூறு சிசியைத் தொடாத, மூன்று சிலிண்டர் எஞ்சின். குடும்பக் காரின் முன்புறத்தில் கிடந்ததை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகம், மேலே கண்ணாடி இழை ஓடு. நம் ஊர்ப் பட்டறையில் செய்யக்கூடியது. கெட்டுப்போனால் நம் ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்யக்கூடியது. உதிரிப் பாகத்துக்காக இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த எளிய காரியத்தின் பொருள் எவ்வளவு பெரிது என்பதை அன்றைய நிலையோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அதுவரை ஒற்றை இருக்கைக் கார் என்றால் இறக்குமதி; அல்லது யாரோ ஒருவரின் கொட்டகையில் உருவான ஒரே ஒரு கார். ஒருவரிடம் நல்ல கார், மற்றவரிடம் கெட்ட கார். வென்றவர் ஓட்டுநரா காரா என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சட்டகம் என்றானபோதுதான் ஓட்டுநரின் கை தெரியத் தொடங்கியது. நாராயண் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓடியது பார்முலா மாருதியில்தான். இருங்காட்டுக்கோட்டையில் அந்த முதல் பந்தயத்திலேயே மேடையேறினார். கருண் சந்தோக்கும் அந்தக் காரிலிருந்து புறப்பட்டவர். பார்முலா 1-இல் பந்தயம் ஓடிய இந்தியர்கள் இதுவரை இருவர். இருவரும் சென்னையில் பிறந்தவர்கள், இருவரும் அந்த மாருதி எஞ்சினின் பிள்ளைகள். இதைத் தற்செயல் என்று எங்களால் ஒதுக்க முடியவில்லை.

கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து ஜே. ஆனந்த் போன்றவர்கள் கோயம்புத்தூரிலேயே எல்ஜிபி வகைப் பந்தயக் கார்களைச் செய்தார்கள். அந்த மரபு அறுபடவில்லை. ஆனால் கொண்டாடப்படவும் இல்லை.

*

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் திறக்கப்பட்டபோது எங்கள் சைக்கிள்களின் திசை மாறியது. பூந்தமல்லி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை என்று போகும் அந்தச் சாலை அப்போது ஓசையடங்கியது. திருக்கச்சி நம்பிகளின் பூந்தமல்லியிலிருந்து ராமானுஜரின் ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழி. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்தது 1998-இல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே பந்தயக் கார்கள் அங்கே வந்துவிட்டன. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடத்துக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். எங்களுக்கு அது என்றும் இருங்காட்டுக்கோட்டைதான்.

அங்கேதான் எங்கள் நால்வரில் ஒருவனின் கதை நடந்தது. எங்களுள் வண்டி ஓட்டத் தெரிந்தவன் அவன். மற்றவர்கள் ஓட்டுவோம், அவனுக்குத் தெரியும். ஐடிஐ முடித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் ஒரு பந்தய அணியின் மெக்கானிக்குக்குக் கையாளாகப் போவான். சம்பளம் கிடையாது; சாப்பாடும் பஸ் கட்டணமும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பயிற்சி நாளில், ஓட்ட வேண்டியவர் வராமல் போக, காரைச் சோதித்துப் பார்க்க அவனைச் சில சுற்றுகள் ஓட்டச் சொன்னார்கள். நிறுத்துகடிகாரத்தைப் பிடித்திருந்தவர் இரண்டு முறை உதறிப் பார்த்தாராம். அந்த அணியில் பணம் கட்டி ஓட்டியவரின் நேரத்தை விட அது குறைவு.

அதற்குப் பின் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பருவம் ஓடுவதற்கான செலவைக் கணக்கிட்டுப் பார்த்தோம். டயர், எரிபொருள், நுழைவுக் கட்டணம், கார் இடித்துவிட்டால் அதன் செலவு. நால்வரின் குடும்ப வருமானத்தைச் சேர்த்தாலும் எட்டவில்லை. இத்தனைக்கும் அது நாட்டிலேயே மலிவான ஒற்றை இருக்கைக் கார். "பரவாயில்லடா, ஓட்டிட்டேன் இல்ல" என்றான். அந்த வாக்கியம் முப்பது ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறது. பணக்காரர் விளையாட்டு என்று நண்பர்கள் சொல்லும்போது நாங்கள் மறுக்காததற்குக் காரணம் அவன்தான். அவர்கள் சொல்வது உண்மை. அந்த உண்மையிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவுதான் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. நூலகம் தொலைவில் இருக்கிறது என்பதற்காக யாரும் புத்தகத்தைப் பழிப்பதில்லை.

*

ரசிகர்களாக எங்கள் கணக்கையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2005 மார்ச்சில் மெல்போர்னில் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் களமிறங்கியபோது, காலையில் பூந்தமல்லி வீட்டுத் தொலைக்காட்சியின் முன் நாங்கள் நால்வரும் இருந்தோம். பார்முலா 1-இல் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அதே ஆண்டு ஜூனில் இண்டியானாபொலிஸில் வந்தன. நான்காம் இடம், ஐந்து புள்ளிகள். ஆனால் மிஷலின் டயர்கள் அந்தத் தடத்துக்குப் பாதுகாப்பல்ல என்று பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, ஓடியவை ஆறே கார்கள். கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. மகிழ்வதா வெட்கப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். இன்று யோசித்தால், அந்தப் புள்ளிகளில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்து நின்று ஓடியவனுக்கு உரியவை அவை. ஆனால் அவற்றை வைத்து நாம் கட்டிய கொண்டாட்டம்தான் பொய்யானது.

கருண் சந்தோக்கின் தொடக்கம் இன்னும் கடினமானது. ஜிபி2-இல் 2007-இல் ஸ்பாவிலும் 2008-இல் ஹாக்கன்ஹைமிலும் வென்ற ஓட்டுநர் அவர். 2010-இல் பஹ்ரைனில், எச்ஆர்டி அணியின் அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். அதற்கு முன் அது தடத்தில் உருளவே இல்லை. மறுநாள் பந்தயத்தில் தொடக்கத்திலேயே இடித்து வெளியேறினார். "நம்ம ஆள் ஒரு சுற்றுகூட ஒழுங்கா ஓட்டல" என்று மறுநாள் மின்ரயிலில் ஒருவர் சிரித்தார். அந்தக் காரைப் பற்றித் தெரிந்த எவரும் சிரித்திருக்க மாட்டார்கள். பந்தயத்தை முடிவுப் பட்டியலாக மட்டும் பெற்றுக்கொள்ளும் சமூகம், அதன் துயரங்களையும் தவறாகவே படிக்கிறது.

முடிவுப் பட்டியல் மனப்பான்மைக்கு அடுத்தது திருவிழா மனப்பான்மை. 2011-இல் கிரேட்டர் நொய்டாவில் பெரும் பொருட்செலவில் புத்த் சர்வதேசத் தடம் எழுந்தது. முதல் நாள் பயிற்சியின்போது ஒரு நாய் தடத்துக்குள் ஓடிவந்ததை உலகமே பார்த்தது. இந்தப் பந்தயம் விளையாட்டா கேளிக்கையா என்று வரித்துறையோடு வழக்காடியபடியே மூன்று ஆண்டுகள் ஓடின. மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். 2013-க்குப் பின் பார்முலா 1 அங்கே திரும்பவில்லை. உள்ளூரில் கார் செய்பவர்களுக்கும் ஓட்டக் கற்பவர்களுக்கும் அந்த மூன்று ஆண்டுகள் எதை விட்டுச் சென்றன என்று தேடினால் கையில் அதிகம் சிக்குவதில்லை. நாராயண் 2012-இல் கடைசியாக ஓடினார். இதை எழுதும் வரை வேறெந்த இந்தியரும் பார்முலா 1 பந்தயத்தில் ஓடவில்லை.

பின்னர் சென்னையின் முறை வந்தது. தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் நகரத் தெருக்களில் இரவுப் பந்தயம். 2023 டிசம்பரில் நடக்கவிருந்தது. மிக்ஜாம் புயலில் எங்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உட்பட நகரமே தண்ணீரில் நின்றதால் தள்ளிப்போனது. உயர் நீதிமன்றத்தில் வாதங்கள் நடந்தன. 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலுமாக அது நடந்து முடிந்தது. நாங்கள் போயிருந்தோம். விளக்கொளியில் அண்ணா சாலைப் பக்கம் கார்கள் பாய்வதைப் பார்த்து எங்களுக்கும் மயிர்க்கூச்செறிந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அங்கும் ஒரு நாய் தடத்துக்குள் வந்தது. பெருந்திட்டங்களுக்கு வேலி போட மறந்த இடத்தை நாய்கள் சரியாகக் கண்டுபிடித்துவிடுகின்றன.

கூட்டத்தில் முதன்முறையாகப் பந்தயம் பார்க்க வந்த பிள்ளைகள் ஏராளம். அது நல்லதே. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, காரோட்டம் பற்றி ஒன்றும் அறியாத வீடுகளில்கூட அது பேச்சானது. அதுவும் நல்லதே. எங்கள் குறை வேறு. தீவுத்திடலில் ஓடிய பார்முலா 4 கார்களின் சட்டகம் பிரான்சில் செய்தது; எஞ்சினும் அந்நாட்டினதே. இணையாக நடந்த லீக் பந்தயத்தின் கார்கள் இத்தாலியிலிருந்து வந்தவை. 1988-இல் கோயம்புத்தூர்ப் பட்டறையில் செய்ய முடிந்ததை, ஆண்டுக்குப் பல லட்சம் கார்கள் செய்யும் இந்த மாநிலம் இன்று கப்பலில் வரவழைக்கிறது. சர்வதேச விதிகள் அப்படி என்பார்கள். உரிமப் புள்ளிகள் வேண்டுமென்றால் அந்தக் கார்தான் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெரிய கதவுக்குப் பக்கத்தில் நம்முடைய சிறிய கதவையும் திறந்துவைக்க எந்த விதியும் தடையில்லை.

இன்னொரு உண்மையும் உண்டு. அது எங்களையே குற்றம் சொல்வது. தீவுத்திடலுக்கு ஓடிய நாங்கள் இருங்காட்டுக்கோட்டைக்குப் போவது குறைந்துவிட்டது. பின்னாளில் பார்முலா 1 சென்ற மிக் ஷுமாக்கர் 2017-இல் எம்ஆர்எஃப் சேலஞ்சில் அங்கே ஓடினார். 2019 பிப்ரவரியில் அதே தொடரின் பட்டத்தை அதே தடத்தில் ஜேமி சாட்விக் வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர். பூந்தமல்லியிலிருந்து அரைமணிப் பயணம். நாங்கள் வீட்டிலிருந்தோம். மறுநாள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் அதைப் படித்தோம்.

*

இறப்பைப் பற்றிப் பேசாமல் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 1994 மே முதல் நாள் இமோலாவில் அயர்டன் சென்னா இறந்தபோது எங்களில் ஒருவன் ஓராண்டு பந்தயம் பார்க்கவில்லை. அதன் பிறகு தடங்களும் கார்களும் வெகுவாக மாறின. 2018 முதல் பார்முலா 1 ஓட்டுநரின் தலைக்கு மேலே டைட்டானிய வளையம் ஒன்று நிற்கிறது. முதலில் அது அழகைக் கெடுத்துவிட்டது என்று நாங்களும் முணுமுணுத்தோம். 2020-இல் பஹ்ரைனில் ரொமைன் குரோஷான் தீக்குள்ளிருந்து எழுந்து வந்த இரவில் முணுமுணுப்பு நின்றது.

எங்கள் ஊர்த் தடத்திலும் இறப்புகள் உண்டு. 2023 ஜனவரியில் 59 வயதான மூத்த ஓட்டுநர் ஒருவர் கார்ப் பந்தயத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் இறந்தான். இரண்டுமே ஒற்றை இருக்கைக் கார்களில் நேர்ந்தவை அல்ல என்று சொல்லித் தப்பிக்க நாங்கள் விரும்பவில்லை. ஐம்பத்தொன்பது வயது மனிதர் தாமே தேர்ந்தெடுத்தது அது என்று ஒருவாறு மனத்தைத் தேற்றலாம். பதின்மூன்று வயதுக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சிறுவர்களுக்கான வயது வரம்பையும் வேக வரம்பையும் மிகக் கண்டிப்பாக வகுத்து, அதற்குப் பிறகே திறமையைத் தேட வேண்டும். வண்டுகளுக்காக மணிநாவைக் கட்டியவனின் மொழியில் இதை உரத்துச் சொல்ல ரசிகர்களுக்கே கடமை அதிகம்.

*

ஆக, பணக்கார விளையாட்டு என்று இலக்கியவாதிகள் ஒதுக்குவதும், திருவிழா என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டு ஆடுவதும் எங்களுக்கு ஒரே தவறாகவே தெரிகின்றன. இரு தரப்பும் பட்டறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எழுபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஒற்றை இருக்கைப் பந்தயம் உண்மையில் உயர்ந்த காலம், காரைச் செய்தவனும் ஓட்டியவனும் பழுதுபார்த்தவனும் ஒரே மண்ணில் நின்ற காலம்தான்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பந்தய நாட்களில் பூந்தமல்லியிலிருந்து தடத்துக்கு ஒரு பேருந்து. அம்பத்தூர் ஐடிஐ மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது வேலிக்கு அப்பால், பிட் கொட்டகைக்குள் அழைத்துப்போக ஓர் ஏற்பாடு. இன்றைய மாருதி 800 எதுவோ அதன் எஞ்சினைக் கொண்டு, இங்கேயே செய்த ஒரு மலிவான கார் வகை. நிறுத்துகடிகாரம் மட்டுமே சிபாரிசாக இருக்கும் நான்கைந்து இருக்கைகள். ஒரு தெருப் பந்தயத்தின் விளக்குச் செலவுக்குள் இதெல்லாம் அடங்கிவிடக்கூடும். எழுத்தாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் இன்னும் சிறியது: ஒருமுறை வந்து பாருங்கள். பாராட்ட வேண்டாம், பார்த்ததை எழுதினால் போதும்.

எங்கள் நண்பன் இப்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு சிறு லேத் பட்டறை வைத்திருக்கிறான். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, பாலிடெக்னிக் மாணவர்கள் மூவர் ஒரு வரைபடத்தோடு வந்து நின்றார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றுக்குச் சிறிய ஒற்றை இருக்கைக் கார் செய்கிறார்களாம். சக்கர அச்சு ஒன்றைக் கடைந்து தர வேண்டும். அவன் வரைபடத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். ஓரிடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்க இவ்வளவு மெல்லிசா இருந்தா வளைவுல தாங்காது தம்பி" என்றான். பிறகு கூலி எதுவும் பேசாமல் எஃகுத் தண்டை எடுத்து லேத்தில் பூட்டினான்.